புரிந்தவர் என்று பெயர் எடுத்தவர்

என் வீட்டுக்காரர் மண்ட்ரோனைப் பற்றி எபேசுவில் யாரைக் கேட்டாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசுவார்கள். இருட்டர் எழுதியதைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் என்பார்கள். அது காதில் விழும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசிப்போகும். அவர் கம்பளி விற்கிறவர். கம்பளி விற்ற அந்த மனிதரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதனால் நான் பேசுகிறேன்.

கப்பல்துறைக்குப் போகும் தெருவில் எங்கள் கடை. கம்பளியில் பூச்சி விழுந்திருந்தால், வாங்க வந்தவர் கேட்பதற்கு முன்பே, "இதுல பூச்சி இருக்கு, எடுக்காதீங்க" என்று சொல்லிவிடுவார். வந்தவர் போய்விடுவார். மாமியார் உள்ளே தலையில் அடித்துக்கொள்வாள். என்னைப் பெண் கேட்டு வந்தபோதும் அதே வாய்தான். என் அப்பா மரியாதைக்கு, "வீடெல்லாம் எப்படி?" என்று கேட்டார். "கூரை ஒழுகும். அம்மாவுக்குக் கோபம் வரும். எனக்கு இடது கால்ல ரெண்டு விரல் கிடையாது" என்றார் இவர். கேட்டதற்கு மேலேயே சொல்கிறானே என்று அப்பா சிரித்துவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போயிற்று.

விரல் போனது சின்ன வயதில். சர்தையில் இருக்கிற பாரசீக ஆளுநர் கூலிக்கு ஆள் சேர்க்கிறார் என்று ஊர்ப் பையன்களோடு இவரும் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனாராம். கிழக்கே மலைக்குள் போனதும் பனி பிடித்துக்கொண்டது. சேர்த்துவிட்ட தலைவன் ஒரு காலையில் மாவு மூட்டை ஏற்றிய கழுதைகளோடு காணாமல் போய்விட்டான். அதன் பிறகு செருப்புத் தோலை வேகவைத்துத் தின்றிருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் இரண்டு மூன்று பேர். இது ஊருக்கே தெரிந்த கதை. நொண்டி நொண்டி நடப்பதைப் பார்த்தாலே சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடும்.

இனி இருட்டரைச் சொல்ல வேண்டும். எங்கள் தாத்தா காலத்து மனிதர். பெரிய குடும்பத்துப் பிள்ளை. ஊர்க்காரர்கள் யாரையும் அவருக்குப் பிடிக்காது, அதை ஒளிக்கவும் மாட்டார். ஒரே ஒரு நூல் எழுதினார். அதை எங்கள் கையில் கொடுக்க மனசில்லாமல் ஆர்த்தெமிஸ் அம்மன் கோவிலில் கொண்டுபோய் வைத்தார். எங்களுக்குப் புரிந்துவிடக் கூடாது என்றே எழுதினார் என்பார்கள். நினைத்தது நடந்தது. யாருக்கும் புரியவில்லை. இருட்டர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். நம்மைத் திட்டியவர் ஆயிற்றே என்று ஊர் ஒதுக்கித் தள்ளவில்லை. தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. பக்கத்து ஊரில் எவனுக்காவது இவ்வளவு புரியாத மனிதர் உண்டா என்று பெருமை வேறு.

வருஷத்தில் ஒரு நாள் அம்மனைக் கடற்கரைக்கு எடுத்துப் போய்க் குளிப்பாட்டி, உப்பும் செலரிக் கீரையும் படைத்துத் திரும்பக் கூட்டிவருவோம். மறுநாள் கோவில் முற்றத்தில் இருட்டர் எழுதிய சுருளை எடுத்து வாசிப்பார்கள். அதைக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. யாரும் அர்த்தம் கேட்கக் கூடாது. புரியவில்லை என்றால் மக்கு, புரிந்தது என்றால் திமிர். ஆகையால் ஆண்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு, தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் நாங்கள் தூண் ஓரமாக நின்று, ஆறிப்போகிற வாற்கோதுமைக் கஞ்சியை நினைத்துக்கொண்டிருப்போம்.

அந்த வருஷம் இவருக்குக் கடைவாய்ப் பல் அழுகியிருந்தது. காடியில் நனைத்த கம்பளித் துணுக்கைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டுதான் வந்தார். நாவிதனிடம் போய்ப் பிடுங்கிக்கொள்ளச் சொன்னால், திருவிழா முடியட்டும் என்றார். கூட்டத்தில் மிலேத்து ஊர் வியாபாரி ஒருவனும் இருந்தான். மிலேத்துக்காரர்களின் வாய் தெரிந்ததுதான். வாசிப்பு நடுவில் கோவில் வாசிப்பாளர் பித்தெர்மோஸ் மூச்சு வாங்க நிறுத்தியபோது, எல்லாருக்கும் கேட்கும்படி அவன் சொன்னான்: "உங்க ஊர் ஆளு எழுதினது உங்கள்ல ஒருத்தருக்காவது புரியுதா? இல்லேன்னா எதுக்கு வருஷா வருஷம் இந்தக் கூத்து?"

ஊர் மானமே நடு முற்றத்தில் கிடந்தது. அந்த நேரம் பார்த்து இவருக்குப் பல்லில் ஊசி குத்தியது போல வலி எடுத்திருக்கிறது. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். வாயைத் திறந்தால் கம்பளி விழுந்துவிடும் என்று இறுக்கி மூடிக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்க அழுதார்.

"அதோ பாரு" என்றார் பித்தெர்மோஸ். "புரிஞ்சவரு அங்க உட்கார்ந்து அழறாரு."

எல்லாத் தலைகளும் திரும்பின. மிலேத்துக்காரன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். ஊரின் மானத்தை என் வீட்டுக்காரரின் சொத்தைப் பல் காப்பாற்றிவிட்டது.

அன்று சாயங்காலமே பல்லைப் பிடுங்கியாயிற்று. மறுநாள் காலை கடை வாசலில் பெரிய மனிதர்கள் வந்து நின்றார்கள். இவர் உள்ளபடியே சொன்னார்: "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"தெரியாதுன்னு சொல்றாரு பாத்தியா" என்றார் ஒருவர் இன்னொருவரிடம். "தெரிஞ்சவன்தான்யா அப்படிச் சொல்லுவான்."

"நெசமாத்தாங்க. பல்லு வலி."

"ஆமா, ஆமா" என்று அவர்கள் ரொம்பப் பணிவாகத் தலையாட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு பொதி கம்பளி வாங்கிக்கொண்டு போனார்கள்.

முதல் சில மாதம் இவருக்கு அது சங்கடமாகத்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு. பிறகு கோவிலில் முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். பலி கொடுத்த மாட்டின் தொடைக்கறி வீட்டுக்கே வந்தது. தெருவில் போனால் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நொண்டி என்று கூப்பிட்டவர்களெல்லாம் ஐயா என்று கூப்பிட்டார்கள். மனுஷன்தானே, மெல்ல மெல்ல மாறிப்போனார். கேள்வி கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்லுமுன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்க்கத் தொடங்கினார். அதன் பிறகு என்னவோ ஒன்றைச் சொல்வார். கேட்டவர் கும்பிட்டுவிட்டுப் போவார். பூச்சி விழுந்த கம்பளியைக் காட்டி, "இது நல்லதா?" என்று கேட்டால், "எது கெட்டது?" என்பார். அந்தக் கம்பளியும் விற்றுப்போகும்.

வீட்டுக்குள்ளும் அதே பேச்சு வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டின் முன் உட்கார்ந்துகொண்டு, "கடல் இந்தக் கிண்ணத்துக்குள்ள வரலையே, பிலின்னா" என்றார்.

"உப்பு வேணும்னா உப்புன்னு கேளுங்க. இல்லேன்னா உப்பில்லாமத் தின்னுங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"அதான் தெரியலையே. உங்களுக்கே தெரியலை."

முகம் சுருங்கிப்போயிற்று. எழுந்துபோய்த் தானே உப்பை எடுத்துக்கொண்டார். வெளியே மதிப்பாக நடக்கிற மனிதர் உள்ளே என் கண்ணைப் பார்க்காமல் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாக இருந்தது. அது வெறும் பல்வலிதான் என்று நம்பிய ஒரே ஆள் நான். அதற்காகவே என்னைக் கொஞ்சம் வெறுத்தார் என்று நினைக்கிறேன்.

மெலித்தா எங்கள் பின் தெரு. மீன் காயவைத்து விற்பவள். புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. எவேனர் என்று ஒரே பையன். நல்ல உயரம், வேலைக்கு வணங்காத உடம்பு, வாயில் எப்போதும் ஏதாவது பாட்டு. சில வருஷம் கழித்து ஒரு வசந்தத்தில் சர்தையிலிருந்து மறுபடியும் ஆள் சேர்க்க வந்தார்கள். பழைய தலைவன் பேசிய அதே பேச்சு: வேளைக்கு ரொட்டி, திரும்பி வரும்போது கை நிறைய. பையன் துள்ளிக்கொண்டிருந்தான். மெலித்தா எங்கள் கடைக்கு வந்தாள். கையில் மீன் வாடை போகக் கழுவிக்கொண்டு, நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். நான் உள்வாசலில் கம்பளி சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே" என்றாள். "பையன் சர்தைக்குப் போறேன்னு நிக்கிறான். நீங்க போயிட்டு வந்தவரு. அனுப்பலாமா, வேண்டாமா, சொல்லுங்க."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. இத்தனை வருஷமாகத் தெரியாததையெல்லாம் கேட்டார்கள். கடைசியில் ஒருத்தி வந்து, இவருக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைக் கேட்கிறாள். காலைக் காட்டினாலே போதும். அனுப்பாதே என்று ஒரு வார்த்தை.

ஆனால் கடையில் அப்போது நாலைந்து பேர் இருந்தார்கள். பித்தெர்மோஸும் இருந்தார். மெலித்தா கேட்டதும் எல்லாரும் கையிலிருந்த கம்பளியைக் கீழே வைத்துவிட்டு இவர் வாயைப் பார்த்தார்கள். இவர் மெலித்தாவைப் பார்த்தார். உதடு அசைந்தது. சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் பார்வை பித்தெர்மோஸ் பக்கம் போய்விட்டு, மெதுவாகக் கூரைக்கு ஏறியது.

"தறியில நூல் ஏறும்போது துணி எங்க இருக்கு, மெலித்தா?"

"அடேயப்பா" என்றார் யாரோ. பித்தெர்மோஸ் கண்ணை மூடிக்கொண்டார். மெலித்தா, "சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் முகத்தில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாமல் நிற்கிற பிள்ளையின் முகம்.

கடை காலியானதும் சிக்கெடுத்த கம்பளியை அவர் மேல் எறிந்தேன். "என்ன மனுஷன் நீங்க. அவ உங்க காலைப் பார்த்துட்டு வந்தா. போய்ச் சொல்லிட்டு வாங்க, இப்பவே."

"போறேன், போறேன்" என்றார். காது இரண்டும் சிவந்திருந்தன. செருப்பை மாட்டிக்கொண்டு உண்மையாகவே போனார். திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சொல்லிவிட்டார், மனசு சரியில்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். மறுநாள் கிணற்றடியில்தான் தெரிந்தது. மெலித்தா வீட்டு வாசல்வரை போயிருக்கிறார். அங்கே நின்ற பெண்கள் ஐயா வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றிருக்கிறார்கள். இவர் அவர்களிடம், "எழுந்து நிற்கிறவங்க எங்க உட்காருவாங்க?" என்று ஒன்றைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். கிணற்றடியில் ஒருத்தி அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். மெலித்தா முற்றத்தில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"எவேனர் எங்க?"

"விடியக்காலையே கிளம்பிட்டான், அண்ணி. நூல் தறியில ஏறினாத்தானே துணி ஆகும், போன்னுதான் ஐயா சொல்லியிருக்காருன்னான். எனக்கு வேற மாதிரி தோணுச்சு. ஆனா எனக்கு என்ன புரியும், சொல்லுங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் அண்ணி, அவன் புரிஞ்சுக்கிட்டது சரிதானே?" என்றாள்.

நான் சர்தை சாலையில் சுங்கச்சாவடிவரை ஓடிப் பார்த்தேன். படை எப்போதோ போய்விட்டது. திரும்பி வந்து அவளிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மனசில் இருந்தது அனுப்பாதே என்பதுதான், சொல்லாமல் விட்டுவிட்டார் என்றேன். அவள் நம்பவில்லை. "அவரு அப்படியெல்லாம் சாதாரணமாப் பேசுவாராக்கும்" என்று என்னைத்தான் சமாதானப்படுத்தினாள். புருஷனின் அருமை தெரியாத பெண்டாட்டி என்று நினைத்திருப்பாள்.

குளிர்காலம் முடிந்து கப்பல்கள் வந்தபோது செய்தியும் வந்தது. மலையில் பனி. தலைவன் ஓட்டம். இந்த முறை எங்கள் ஊர்க்காரர்களில் ஒருவன் மட்டும் திரும்பினான். அது எவேனர் இல்லை.

இவர் கடையை மூடவில்லை. ஆனால் கேள்வி கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். பேசாமல் இருப்பது அவர் மதிப்பை இன்னும் ஏற்றிவிட்டது. மெலித்தா வீட்டுத் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் கப்பல்துறையைச் சுற்றிக்கொண்டு போவார். அவருக்கு ரொட்டி வைக்கும்போது எனக்கே அவமானமாக இருந்தது. அவர் செய்ததற்கு நான் ஏன் கூனிக் குறுக வேண்டும் என்று கோபம் வரும். ஆனாலும் மீன்காரிகள் கூட்டத்தைக் கண்டால் நானும் தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்தேன்.

மறுபடியும் அம்மன் குளித்துத் திரும்பினாள். மறுபடியும் முற்றத்தில் சுருளைப் பிரித்தார்கள். இவர் வரமாட்டேன் என்றார். ஆள்விட்டுக் கூட்டிப்போனார்கள். முன்வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பித்தெர்மோஸ் வாசித்து நிறுத்தியதும், பெண்கள் பக்கத்திலிருந்து மெலித்தா வெளியே நடந்து வந்தாள். முதல் நாள் கடற்கரையில் படைக்காத செலரிக் கட்டு கையில் அப்படியே இருந்தது. இருட்டர் சுருளை வைத்த நாளிலிருந்து அந்த முற்றத்தில் யாரும் கேட்காததை அவள் கேட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க எனக்குச் சொன்னதுக்கு என்ன அர்த்தம்?"

கூட்டத்தில் சலசலப்பு. "அதெல்லாம் கேக்கக் கூடாது, போம்மா" என்றார் பித்தெர்மோஸ்.

"சண்டைக்கு வரலைங்க" என்றாள் மெலித்தா. "தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். நான் மக்கு. அவரு பெரிய வார்த்தை சொன்னாரு, எனக்குப் புரியலை. புரிஞ்சிருந்தா பிள்ளையைப் பிடிச்சு நிறுத்தியிருப்பேன். தினமும் மீனைப் புரட்டும்போது யோசிச்சுப் பாக்குறேன், இன்னும் பிடிபடலை. என் புத்தி மட்டு, அதனால பிள்ளை போயிட்டான். இப்பவாவது என்னன்னு சொல்லிட்டீங்கன்னா மனசு ஆறும்."

அவள் அவரைக் குறை சொல்லியிருந்தால் பரவாயில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், அவ்வளவு நாளும். எனக்கு அந்தத் தூணுக்குள் புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது.

இவர் எழுந்தார். எழுந்து நிற்கவே நேரமாயிற்று. இந்த முறை கூரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

"அதுக்கு அர்த்தம் இல்ல, மெலித்தா. ஒரு அர்த்தமும் இல்ல. நாலு பேரு நின்னாங்கன்னு வாயில வந்ததைச் சொன்னேன். இருட்டர் எழுதினதும் எனக்குப் புரியாது. அன்னைக்கு இங்க நான் அழுதது பல்லு வலியில."

அவர் வாயை அகலத் திறந்து, விரலை விட்டு, பல் இருந்த பொந்தைக் காட்டினார். ஊருக்கு முன்னால், ஒரு சந்தை மாட்டைப் போல. எனக்கு அழுகை வந்துவிட்டது. முடிந்தது, இனிமேல் காறித் துப்புவார்கள், துப்பட்டும் என்று நினைத்தேன்.

யாரும் துப்பவில்லை. பித்தெர்மோஸ் தாடியைத் தடவினார். "பல்லு" என்றார் மெதுவாக. "இல்லாத இடத்தைக் காட்டுறாரு."

"வலி எங்க இருந்துச்சோ அங்க இப்ப ஒண்ணும் இல்லேங்கிறாரு" என்றார் அடுத்தவர்.

"இல்லைய்யா" என்றார் இவர். குரல் உடைந்துவிட்டது. "பல்லுதான்யா. கடைவாய்ப் பல்லு. நாவிதன்தான் பிடுங்கினான், கேட்டுப் பாருங்க."

"கடைவாய்ப் பல்லுன்னு குறிப்பாச் சொல்றாரு, கவனிச்சியா?"

தலைகள் ஒவ்வொன்றாகத் தரையைப் பார்த்துக் குனிந்தன. தாடிகளைத் தடவினார்கள். இவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அத்தனை பேரில் மெலித்தா ஒருத்திதான் தலையைக் குனியவில்லை. அவள் முகத்திலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போய்விட்டிருந்தது.

"எனக்குப் புரியுது, அண்ணே" என்றாள். "நான் அன்னைக்கு இருட்டரைக் கேக்க வரலை. உங்க காலைப் பார்த்துட்டு வந்தேன். அனுப்பாதேன்னு சொல்லியிருந்தா, அதுவும் எனக்குப் புரிஞ்சிருக்கும்."

செலரிக் கட்டை அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். வேண்டுமென்று வைத்தாளா, கை சோர்ந்து வைத்தாளா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் செலரியைச் சமாதிக்கும் வைப்பார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது கூட்டம் இரண்டாகப் பிரிந்து அவருக்கு வழிவிட்டது. அவர் முன்னால் நொண்டிக்கொண்டு போனார், நான் பின்னால் போனேன். பாதி வழியில் பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டாள்: "அண்ணி, நீங்க கூடவே இருக்கிறவங்க. பல்லுன்னு சொன்னாரே, அது என்னது?"

"பல்லுன்னா பல்லுதான்" என்றேன்.

அவள் அதை யோசித்துப் பார்த்துவிட்டு, ரொம்பப் பணிவாகத் தலையாட்டினாள். முன்னால் போனவர் காதில் அது விழுந்திருக்க வேண்டும். நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நடுத்தெருவில் நின்றார், அதற்கும் ஜனங்கள் ஒதுங்கி நின்று தலை குனிந்தார்கள்.